பெரியம்மா பாடிய ‘தொட்டால் பூ மலரும்’: கவர் பாடத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகும் வரை ‘தொட்டால் பூ மலரும்’ ஒரு மெதுவான பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில், சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே பெரியம்மா அதைப் பாடுவார். கல் பொறுக்கக் குனியும்போது பாட்டு நிற்கும். கல்லை எடுத்து வெளியே எறிந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடவேண்டிய பாட்டு அது. பெரியம்மா இரண்டு பக்கத்தையும் தானே பாடுவார். சீண்டலும் அவரே, பதிலும் அவரே. ஒருநாள் வானொலியில் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய அசல் போனது. “இவங்க ஏன் இவ்வளவு அவசரப்படுறாங்க?” என்று கேட்டேன். வீட்டில் சிரிக்காதவர்கள் இல்லை.

இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘படகோட்டி’ படம் வந்தது 1964இல். அதே ஆண்டு அக்டோபரில்தான், மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரியம்மாவுக்குப் பேசி வைத்திருந்த மாமன் மகனின் குடும்பம், பின்னால் அந்தக் கணக்கில்தான் தலைமன்னாரில் கப்பலேறியது. அதற்கும் இந்தப் பாட்டுக்கும் முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை, கேட்கவும் இல்லை. ஆனால் எதிரில் ஆள் இல்லாமல் ஒருவரே இரண்டு குரலையும் பாடும்போது அது காதல் சீண்டல் பாட்டாக இருக்க முடியாது என்பது, பத்து வயதில் பெயர் வைக்கத் தெரியாவிட்டாலும், எனக்குப் புரிந்திருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிற எல்லோருக்கும் முதலில் கவர் பாடத்தான் ஆசை. “அண்ணா, எதை மாத்தணும்?” என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. அடியை, அதாவது தாளத்தை, மாற்றலாமா, ராப் சேர்க்கலாமா, வயலின் போடலாமா. நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் யார் பாடுகிறார், யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்பதை முடிவு செய்யுங்கள். எனக்குப் பிடித்த கவர்களில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் ஜெயித்திருக்கின்றன. மெட்டும் அடியும் அதற்குப் பின்னால் வந்தவை.

பெயர்க் குழப்பத்தைச் சட்டென்று தீர்த்துவிடுவோம். ஒருவர் பாடிப் பதிவு செய்த பாட்டை இன்னொருவர் தன் குரலில், தன் விதத்தில் திரும்பப் பாடுவது கவர். ரீமிக்ஸ் வேறு. 1970இல் ‘சொர்க்கம்’ படத்தில் வந்த ‘பொன்மகள் வந்தாள்’ 2007இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்தில் திரும்ப வந்தது அந்த வகை. ஒரே மெட்டுக்கு வேறு வரி போடுவது மூன்றாவது வகை. இளையராஜாவின் ‘தும்பி வா’ 1982இல் மலையாளத்தில் வந்தது. அதே மெட்டுத்தான் தமிழில் ‘சங்கத்தில் பாடாத கவிதை’, 2009இல் ‘பா’ படத்தில் இந்திப் பாட்டு. அப்புறம் தலைகீழாகவும் நடக்கும். ‘தொட்டால் பூ மலரும்’ வரிகளை வைத்துக்கொண்டு 2004இல் ‘நியூ’ படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் வேறு மெட்டுப் போட்டார். நாம் பேசப்போவது முதல் வகையைப் பற்றி.

முதல் படி: ஜோடி ஜோடியாகக் கேளுங்கள்

ஒரு மாதத்துக்குப் பாடவே வேண்டாம். அசலையும் கவரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், அசல் முதலில். ஒரு கொப்பியில் ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: பாடுகிற ஆள் யார், எதிரில் யார் நிற்கிறார், அசலில் இருந்த எதை விட்டுவிட்டார்கள். கூட்டியதை எழுதத் தேவையில்லை. அது காதில் தானாக விழும்.

தொடங்குவதற்கு ‘ரெஸ்பெக்ட்’ நல்ல பாட்டு. 1965இல் ஒட்டிஸ் ரெடிங் எழுதிப் பாடியது. உழைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஆண், எனக்குக் கொஞ்சம் மரியாதை கொடு என்று மனைவியிடம் கேட்கிறான். 1967இல் அரீதா ஃபிராங்க்ளின் பாடினார். இப்போது கேட்பது பெண். அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரித்துக் காட்டுகிற பகுதி, இன்று எல்லோர் காதிலும் நிற்பது, ரெடிங்கின் பதிவில் கிடையாது. அரீதா சேர்த்தது. பின்னால் அவருடைய சகோதரிகளின் குரல்கள். ஒரு வீட்டுக்குள் நடந்த வாக்குவாதம் பெண்கள் கூட்டமாக நின்று கேட்கிற கோரிக்கையாகிவிட்டது. நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்து, மடுவம் என்கிற கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பும் மூட்டுகிற ஒருவரை நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

அடுத்து ‘ஹர்ட்’. 1994இல் நைன் இன்ச் நெயில்ஸ் வெளியிட்டது, எழுதியவர் ட்ரென்ட் ரெஸ்னர். தன்னைத் தானே அழித்துக்கொள்கிற ஓர் இளைஞனின் பாட்டு அது. 2002இல் ஜோனி கேஷ் அதைப் பாடியபோது அவருக்கு எழுபது வயது. அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். அசலில் இருந்த இரைச்சலை எடுத்துவிட்டு கிட்டாரையும் பியானோவையும் வைத்தார்கள். வரிகளில் அவர் மாற்றியது ஏறக்குறைய ஒரே ஓர் இடம்: தலையில் இருக்கும் கிரீடத்தைச் சொல்கிற வரியில் ஒரு கொச்சைச் சொல் இருந்தது, அதை முள் என்று ஆக்கினார். முள்முடி என்றதும் யார் நினைவுக்கு வருவார் என்று சொல்லவேண்டியதில்லை. மற்ற வரிகள் அப்படியே. ஆனால் இருபது வயதுக் குரலில் ‘எல்லோரும் கடைசியில் போய்விடுகிறார்கள்’ என்பது புலம்பல், எழுபது வயதுக் குரலில் அது வெறும் தகவல்.

நம் நாட்டுக் கணக்கில் ‘மெனிகே மகே ஹிதே’ என்கிற சிங்களப் பாட்டு இருக்கிறது. உலகமெல்லாம் போனது 2021இல் யொஹானி பாடியது என்பதால் அது அவருடைய பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். அதுவே ஒரு கவர்தான். அசல் 2020இல் சதீஷன் வெளியிட்டது. யொஹானியின் பதிவிலும் அவர் கூடவே இருக்கிறார். ‘மெனிகே’ என்பது மலைநாட்டுச் சிங்களப் பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல். ஹட்டன் வழியாகப் பதுளை போகிற ‘உடரட்ட மெனிகே’ ரயிலின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. ஒரு பெண்ணைப் பார்த்து ஆண் பாடுகிற வரிகளை யொஹானி மாற்றாமல் அப்படியே பாடினார். ஆண் குரலில் அது ஏக்கம். அவருடைய குரலில், கொஞ்சம் அலட்சியமாக, தோழியிடம் விளையாடுகிற மாதிரி இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் அதிக நேரம் செலவழித்த ஜோடி ‘ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்’. போனி எம் குழுவின் 1978ஆம் ஆண்டுப் பதிவை இலங்கையில் கேட்காதவர் குறைவு. கலியாண வீட்டில் பைலாவுக்கு (இலங்கையின் ஆட்டப் பாட்டு) நடுவே அதுவும் போகும். அது கவர் என்பது பலருக்குத் தெரியாது. 1970இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் பாடியதுதான் அசல். வரிகள் அதற்கும் பழையவை: வேதாகமத்தின் 137ஆம் சங்கீதம் (அங்கே துதிப்பாட்டுக்கு அந்தப் பெயர்), முடிவில் 19ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். சொந்த நாட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் அந்நிய நாட்டில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். கொண்டுபோனவர்களோ ‘உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள்’ என்கிறார்கள். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்பதுதான் கேள்வி. மெலோடியன்ஸ் அதை ரஸ்தஃபாரிகளாக, அந்த ஜமைக்கச் சமயத்தைச் சேர்ந்தவர்களாக, பாடினார்கள். ‘கர்த்தரின் பாட்டு’ என்று வேதாகமத்தில் இருந்த இடத்தில் தங்கள் கடவுளான எத்தியோப்பியப் பேரரசரைக் குறிக்கும் பெயரை வைத்தார்கள். போனி எம் அதை எடுத்துவிட்டு மறுபடியும் ‘கர்த்தர்’ ஆக்கியது, அடியை டிஸ்கோ ஆக்கியது. யார் அழுகிறார்கள் என்பது மங்கிப்போனது. எல்லோரும் ஆடக்கூடிய பாட்டு கிடைத்தது. கெட்ட கவர் என்று சொல்லமாட்டேன். சில பாட்டுகள் ஆளை மறைத்துத்தான் ஊர் ஊராகப் போக முடிகிறது.

சில வருடங்களுக்கு முன்பு, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சிறு கிறிஸ்தவக் கோயிலில் நத்தாருக்கு (கிறிஸ்துமஸ்) முந்தைய வாரம் அதே பாட்டைப் பாடினார்கள். ஒரு கிட்டார், ஆறேழு பெண்கள். போனி எம்மைக் கேட்டுத்தான் கற்றிருந்தார்கள், மெட்டு அதேதான். ஆனால் அடி இல்லை. பாதி வேகம். ஆங்கிலம் முழுதாகப் புரியாதவர்களும் அதில் இருந்தார்கள். இழந்த ஊரான ‘சீயோனை நினைத்தபோது’ என்கிற இடத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவி ஒருவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தோட்ட வேலைக்குக் கடல் தாண்டி வந்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் பாடினால் அந்தப் பாட்டு தானாகவே 1970க்கும் முன்னால், அந்தச் சங்கீதத்துக்கே திரும்பிவிடுகிறது. அவர்கள் எதையும் ‘அரேஞ்’ செய்யவில்லை.

இன்னும் இரண்டு ஜோடிகளைப் பெயரளவில் சொல்லிவிடுகிறேன். டொலி பார்ட்டன் 1974இல் வெளியிட்ட ‘ஐ வில் ஒல்வேய்ஸ் லவ் யூ’வை விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடியபோது, தொடக்கத்தில் வாத்தியமே இல்லாமல் தனிக்குரலில் விட்டார்கள். எதை விடுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. பொப் டிலனின் ‘ஒல் அலோங் த வொச்டவர்’ 1967இல் வந்தது, அடுத்த ஆண்டே ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பாடினார். கிட்டார் படிக்கிறவர்கள் எப்படியும் அங்கே போய்ச் சேருவீர்கள்.

இரண்டாம் படி: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டை எடுக்காதீர்கள். அதில் நீங்கள் அசல் பாடகரைத்தான் பாடுவீர்கள். மூச்சு எங்கே விட்டார், எங்கே சிரித்தார் என்பதெல்லாம் உங்கள் தொண்டைக்குள் ஏறியிருக்கும். எஸ்.ஜானகியின் பாட்டுகளைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம் என்று என் பிள்ளைகளிடம் சொல்வேன். அங்கே குரலே பாட்டு. குரலை எடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஓரளவு பிடித்த பாட்டு, வார்த்தைகள் சாதாரணப் பேச்சுக்குக் கிட்ட இருக்கிற பாட்டு, உங்கள் ஊரில் யாராவது ஒருவர் உண்மையாகவே சொல்லக்கூடிய பாட்டு: இதுதான் என் சல்லடை. மெட்டுப் போடத் தைரியம் இருந்தால் பாரதியாரிடம் போங்கள். ஒரே கவிஞர் எத்தனை விதமாகப் பாடப்பட்டிருக்கிறார் என்று கேட்டாலே பாதி பாடம் முடிந்துவிடும். ‘சின்னஞ்சிறு கிளியே’ 1951இல் ‘மணமகள்’ படத்தில் சி.ஆர்.சுப்பராமன் இசையில் ராகமாலிகையாக வந்தது, ‘காற்று வெளியிடை’ 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் ஜி.ராமநாதன் இசையில் வந்தது, ‘சுட்டும் விழிச்சுடர்’ 2000இல் ரஹ்மான் கையில் வந்தது. மூன்றிலும் கண்ணம்மா வேறு வேறு ஆள்.

‘எஞ்ஜாய் எஞ்சாமி’ பற்றி ஒரு வார்த்தை. 2021இல் வந்ததிலிருந்து இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் அதைப் பாடுகிறார்கள். நியாயம்தான். அதைப் பாடிய ராப் பாடகர் அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் ஆட்டத்தோடு, அதே உடுப்போடு, அதே முகபாவனையோடு பாடுகிறார்கள். அந்தப் பாட்டின் கதை நம் மலையிலிருந்து புறப்பட்டுப் போன ஒருவருடையது. இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளை பாடினால் எப்படி இருக்கும் என்று யாரும் இன்னும் எனக்குப் பாடிக் காட்டவில்லை. காத்திருக்கிறேன்.

மூன்றாம் படி: பாடாமல் பேசுங்கள்

வரிகளைக் கையால் எழுதுங்கள். போனில் பார்த்துப் படித்தால் கண் ஓடிவிடும். எழுதியதை மெட்டு இல்லாமல், ஒருவரிடம் சொல்வதுபோல் சத்தமாகச் சொல்லுங்கள். எந்த வரியில் உங்களுக்கே கூச்சமாக இருக்கிறதோ அதில் கோடு போடுங்கள். கவரில் அந்த வரியை ஒன்று மிக எளிமையாகப் பாடவேண்டும், அல்லது விட்டுவிடவேண்டும்.

ஆண் பாட்டைப் பெண் பாடும்போது ‘அவள்’ என்பதை ‘அவன்’ ஆக்கவேண்டுமா என்று கேட்பார்கள். என் கருத்து: வேண்டாம். எதுகை கெடும், பாட்டும் நொண்டும். மெனிகேயை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சுருதி

இதில் கதையே இல்லை, வேலைதான். பாட்டின் மிக உயரமான வரியைக் கண்டுபிடியுங்கள். அதை விடியற்காலைக் குளிரில், சூடேறாத தொண்டையில் மூன்று தரம் பாட முடிந்தால் சுருதி சரி. முடியாவிட்டால் இறக்குங்கள். ஆண்கள் பொதுவாக ஒரு கட்டை, இரண்டு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடுவார்கள், பெண்களுக்கு நாலரையிலிருந்து ஆறு வரை வசதியாக இருக்கும். ஆகவே ஆண் பாட்டைப் பெண் எடுக்கும்போது அசலின் சுருதியிலேயே பாட முயல்வது வீண் பிடிவாதம். கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. கிட்டாரில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) ஒவ்வொரு கட்டம் ஏறும்போதும் அரைச் சுருதி கூடும்.

சுருதியை இறக்கினால் பாட்டின் குணமும் மாறும். கத்திக் கேட்டது இறங்கிய சுருதியில் முணுமுணுப்பாகும். சில நேரம் உங்கள் கவருக்குத் தேவையான ஒரே மாற்றம் அதுவாகவே இருக்கலாம். நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று: வெளிக் குளிரிலிருந்து கொண்டுவந்த கிட்டாரை உடனே சுருதி கூட்டாதீர்கள். அறைக்குள் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கூட்டுங்கள், இல்லையென்றால் முதல் சரணத்திலேயே கலைந்துவிடும்.

ஐந்தாம் படி: அடி

இங்கேதான் நான் அசிங்கப்பட்டேன், ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

‘சுராங்கனி’யை எல்லோருக்கும் தெரியும். பொப்பிசைச் சக்கரவர்த்தி ஏ.ஈ.மனோகரனின் குரலில்தான் அது கடல் தாண்டியது. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்கிற கேலிப் பாட்டு. அடி பைலாவின் ஆறு எண்ணிக்கை. அந்த ஆறில்தான் இடுப்பு ஆடுகிறது. நாங்கள் மூன்று பேர், இருபத்தைந்து வயது, புத்திசாலிகள் என்ற நினைப்பு. ஹட்டனில் ஒரு கலியாண வீட்டில் அதை நாலடியில், மெதுவாக, சோகச் சுருதியில் பாடினோம். வெளிநாட்டுக் கவர்கள் நிறையக் கேட்டுவிட்டு வந்த மயக்கம் அது. ஆடத் தயாராக எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். இரண்டாவது சரணத்தில் மாப்பிள்ளையின் மாமா மேடைக்குப் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில், “ஏந்தம்பி, யாரும் தவறிட்டாங்களா?” என்று கேட்டார்.

பிறகு யோசித்தேன். ‘ஹர்ட்’டை மெதுவாகப் பாடினால் வார்த்தைகள் தாங்குகின்றன, ஏனென்றால் அவற்றுக்குள் துக்கம் இருக்கிறது. சுராங்கனியில் மீன்தான் இருக்கிறது. சோகத்துக்குப் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கொக்கிகூட இல்லை. அடியை மாற்றுவதற்கு முன்பு, புதிய அடியைத் தாங்க வார்த்தைகளில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, அடியை எப்படிச் சோதிப்பது? வாத்தியத்தை வைத்துவிட்டு, தொடையில் தட்டிக்கொண்டு பாடுங்கள். முதலில் அசலின் அடியில், பிறகு அதைப் பாதி வேகத்தில், பிறகு ஆறை நாலாகவோ நாலை ஆறாகவோ மாற்றி. மூன்றில் எதில் வார்த்தைகள் சண்டை போடாமல் உட்காருகின்றனவோ அதை எடுங்கள். போனில் மெட்ரோனோம் (தாளம் தட்டிக் காட்டும் செயலி) இலவசமாகக் கிடைக்கும். வேகத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் பதற்றத்தில் எல்லோரும் வேகமாகப் போவார்கள்.

ட்ரம்ஸ் இல்லை என்று வருத்தப்படுகிற பிள்ளைகள் நம் தப்பை (தோல் பறையை) மறந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் தப்படித்துத்தான் ஆட்களைப் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவது) அழைத்தார்கள். காமன் கூத்துக்கும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான். ஆகவே தப்பு நுழைந்தவுடனே கேட்கிறவர்களுக்கு ஒரு காட்சி வந்துவிடும், அதைக் கணக்கில் எடுக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் தப்படிக்கிற அண்ணன் ஒருவர் பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம் நெருப்புக் காய்ச்சுவார். கவ்வாத்து மிலாறை (வெட்டிக் கழித்த தேயிலைக் கிளைகளை) கூட்டிப் பற்றவைத்து, தோலை நெருப்புக்கு நேரே பிடித்து, வட்டமாகச் சுழற்றுவார். இடையிடையே விரலால் சுண்டுவார். ‘தொப்’ என்று இருந்தது ‘டண்’ என்று ஆகும் வரை. நெருப்புக்கு ரொம்பக் கிட்டப் போனால் தோல் வெடித்துவிடும். பனி இறங்குகிற சாயங்காலங்களில் இரண்டு பாட்டுக்குள் தோல் மறுபடியும் தளர்ந்துவிடும், ஆகவே தப்பு வருகிற பாட்டை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வையுங்கள். அல்லது மேடைக்குப் பக்கத்தில் நெருப்பு வையுங்கள், மண்டபத்துக்காரர் விட்டால்.

ஆறாம் படி: எதை விடுவது

திரைப்பாட்டைக் கவர் பாடுகிறவர்கள் இடையிசையையும் அப்படியே வாசிக்கப் பார்ப்பார்கள். அங்கே நாற்பது பேர் வாசித்ததை நீங்கள் ஒரு கீபோர்டில் வாசித்தால், இல்லாதது எல்லாம்தான் காதில் விழும். விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் மௌனம் இருக்கட்டும், அல்லது ஒரே ஒரு தந்தி. பெரியம்மா கல் பொறுக்கிய இடம் மாதிரி.

சரணமும் விடலாம். நாலு நிமிடப் பாட்டை இரண்டரை நிமிடமாக்கினால் யாரும் கோபிக்கமாட்டார்கள். என் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: ஒரு கவரில் பெரிய மாற்றம் ஒன்றுதான். அடியை மாற்றினால் மெட்டைத் தொடாதே. மெட்டை நெளித்தால் அடி அசலின் அடி. இரண்டையும் மாற்றினால் கேட்கிறவருக்குப் பிடிமானம் போய்விடும். ரஹ்மானுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, சரிதான். ரஹ்மான் என் வகுப்புக்கு வரவில்லை.

ஏழாம் படி: லயத்தில் ஒலிப்பதிவு

தகரக் கூரைதான் முதல் எதிரி. மழை விழுந்தால் போனில் பாட்டு இருக்காது, பொரியல்தான் இருக்கும். மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்தை விடாது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ் மழை. உங்கள் பக்கத்தில் காய்ந்த மாதம் எது என்று பார்த்துத் திட்டமிடுங்கள்.

இரண்டாவது எதிரி பக்கத்துக் காம்பராவின் (லயத்து அறை) டிவி. எங்களுக்குக் கிடைத்த நல்ல இடம் பிள்ளைமடுவம் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்). ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும், சொல்லிவைத்துச் சாவி வாங்கலாம். வெறும் சுவரில் குரல் மோதித் திரும்பும், ஆகவே பாடுகிறவருக்கு முன்னாலும் பின்னாலும் கம்பளியைத் தொங்கவிடுங்கள். வேறு எதுவும் தேவையில்லை, கம்பளி போதும். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். வாயிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். கிட்டார் போனை விட்டு இன்னும் தள்ளி. முதல் எடுப்பை உடனே கேட்டுப் பார்க்காதீர்கள், பத்து எடுப்பு பாடியபின் கேளுங்கள். பெரும்பாலும் மூன்றாவதோ நாலாவதோதான் நன்றாக இருக்கும்.

எட்டாம் படி: உரிமை

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் பதிப்புரிமை படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை இருக்கும். ஆகவே திரைப்பாட்டைப் பாடி யூடியூபில் போட்டால், உரிமைக்காரர் அதை அடையாளம் கண்டு விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், நிறுத்தவும் செய்யலாம். வரும் அறிவித்தலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், படியுங்கள். காசுக்காக வெளியிடுவதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். விவரிப்பில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், முதலில் பாடியவர் பெயர்களைப் போடுங்கள். அது சட்டத்திலிருந்து காப்பாற்றாது, ஆனால் போடாமல் இருப்பது அசிங்கம்.

பாரதியார் இறந்தது 1921இல். அவருடைய எழுத்துகளின் உரிமையை 1949இல் சென்னை அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கிவிட்டது. வரிகளை யாரும் பாடலாம். ஆனால் படத்தில் வந்த மெட்டு மெட்டமைத்தவருடையது, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாட்டார் பாட்டுகளுக்கும் அதே சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. அப்புறம், தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலத்துப் பாட்டு ஒன்றை ஒரு பாட்டியிடம் கேட்டு எடுத்தால், எந்தத் தோட்டத்தில், யாரிடம் கேட்டது என்று எழுதி வையுங்கள். பெயர் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

கடைசிப் படி: முதலில் யாரிடம் பாடுவது

நண்பர்களிடம் வேண்டாம், “சுப்பர் மச்சான்” என்பார்கள். அசலை நன்றாகத் தெரிந்த, உங்கள்மீது பெரிய மரியாதை இல்லாத ஒருவரிடம் பாடுங்கள். மேடையில் இல்லை, அடுப்படியில், அவர் வேறு வேலையில் இருக்கும்போது. அவர் கை நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

‘தொட்டால் பூ மலரும்’ பாட்டை நான் பெரியம்மாவிடம்தான் முதலில் பாடினேன். இறங்கிய சுருதி, ஒரே கிட்டார், ஆணின் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு பெண்ணின் பதில் வரவேண்டிய இடமெல்லாம் வெறுமையாக விட்டிருந்தேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. முதல் வரி பாடி நிறுத்தினேன். தலையைத் தூக்காமலே, அந்த வெறுமையில் பதில் வரியை அவர் பாடினார். அடுத்ததற்கும் பாடினார். மூன்றாவதில் என் பக்கம் திரும்பி, “பாதிய மறந்துட்டியாடா?” என்றார்.

ஆமாம் பெரியம்மா என்றேன்.